அன்றாட வாழ்வில் மூளை–கணினி இடைமுகம்: ஆய்வுக்கூடத்துக்கு வெளியே எங்கே இடறுகிறது, யாருக்குக் கைகொடுக்கிறது?

நினைத்த மாத்திரத்தில் திரையில் எழுத்துகள் தோன்றுகின்றன. கழுத்துக்குக் கீழே எதையும் அசைக்க முடியாத ஒருவர் ரோபோக் கையைக் கொண்டு குவளையை எடுத்துக் குடிக்கிறார். மூளையின் சமிக்ஞைகளைப் படித்துக் கணினிக்கான கட்டளைகளாக மாற்றும் மூளை–கணினி இடைமுகம் பற்றிய செய்திகளோடு வரும் காணொளிகளைப் பார்த்து வியக்காமல் இருக்க முடியாது. வியப்பு நியாயமானதுதான். ஆனால் கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்கள் அந்தக் காணொளியில் தெரிவதில்லை. மூளையின் மின்சாரத்தை உணரும் மின்முனைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திய தொழில்நுட்பர், பயனருக்கேற்ப மென்பொருளைக் காலையில் திருத்தி வைத்த ஆய்வாளர், சமிக்ஞை தடுமாறும்போதெல்லாம் எழுந்து வந்து கம்பியைச் சரிசெய்த மாணவர் என்று ஒரு கூட்டமே அங்கே இருக்கும். அவர்கள் எல்லோரும் மாலையில் வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கருவியால் என்ன பயன்? இந்தத் துறையை எடைபோட இதைவிடச் சரியான கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். எத்தனை வேகம், எத்தனை துல்லியம் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கனவு பழையது. ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு 1929இல்தான் அதை வெளியிட்டார். கண்ணை மூடியிருக்கும்போது விநாடிக்குச் சுமார் பத்து முறை எழும் அலை, கண்ணைத் திறந்ததும் அடங்கிவிடுவதை அவர் கண்டார். மூளை அலைகளைப் படிக்கும் தலைப்பட்டை எதையாவது வாங்கினால், அது உண்மையில் மூளையைத்தான் படிக்கிறதா என்று பார்க்க இன்றைக்கும் இதைவிட எளிய சோதனை கிடையாது. பிறகு 1973இல், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ழாக் விடால், மூளையையும் கணினியையும் நேரடியாக இணைக்கும் திட்டத்தை அந்தப் பெயரோடேயே முன்வைத்தார். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கணினி மேசையிலிருந்து சட்டைப்பைக்கு வந்துவிட்டது. இடைமுகம் மட்டும் ஆய்வுக்கூட வாசலிலேயே தயங்கி நிற்கிறது. அந்தத் தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம் இயற்பியல். உச்சந்தலையில் வைத்த மின்முனைக்குக் கிடைக்கும் மூளைச் சமிக்ஞை பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரைதான். கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு 15 மைக்ரோவோல்ட். அந்த அளவுக்கு நுண்ணியது. தனியொரு நரம்பணுவின் துடிப்பு மண்டையோட்டைத் தாண்டி வெளியே வராது. சில சதுர சென்டிமீட்டர் பரப்பிலுள்ள ஏராளமான நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் வெளியே ஏதாவது தென்படும். அதையும் எலும்பும் தோலும் பரப்பி மங்கலாக்கிவிடுகின்றன. மனதுக்குள் ஓடும் வாக்கியத்தைத் தலைப்பட்டை அப்படியே படித்துவிடும் என்ற ஆசைக்கும் அச்சத்துக்கும் இங்கேயே ஓர் எல்லை விழுந்துவிடுகிறது.

இந்த மெல்லிய சமிக்ஞையோடு சேர்ந்து வருபவை அதைவிட வலியவை. கண் இமைத்தால் முன்தலை மின்முனைகளில் மூளை அலையைப் போல் பல மடங்கு உயரமான ஒரு மேடு எழும். பல்லைக் கடித்தால், புருவத்தைச் சுருக்கினால், எச்சில் விழுங்கினால் தசைகளின் மின்சாரம் பதிவை மூடிவிடும். சுவருக்குள் ஓடும் மின்கம்பி தன் பங்குக்கு 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முனகலைச் சேர்க்கும். நடந்தால் கம்பி ஆடும். வியர்த்தால் தோலின் மின்தன்மையே மாறும். ஆய்வுக்கூடத்தில் "அசையாதீர்கள், இமைக்காதீர்கள்" என்று சொல்லிவிடலாம். வீட்டில் யாரும் அப்படி வாழ்வதில்லை.

இதில் ஏமாற்றத்துக்கும் இடமிருக்கிறது. நெற்றியில் ஒரே ஒரு மின்முனையை வைத்து "உங்கள் கவனத்தின் அளவு இது" என்று காட்டும் விளையாட்டுக் கருவிகள் 2009 முதலே கடைகளுக்கு வந்துவிட்டன. நெற்றியில் வைத்த மின்முனை மூளையோடு சேர்த்து அங்குள்ள தசையின் இறுக்கத்தையும் அளக்கிறது. முகத்தைச் சுளித்துப் பந்தை நகர்த்தும் குழந்தைக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆனால் முகத்தசையைக் கூட அசைக்க முடியாத ஒருவருக்கு, தசையை நம்பி இயங்கும் கருவியால் பயனே இல்லை. ஒரு கருவி மூளையைப் படிக்கிறதா, தசையைப் படிக்கிறதா என்ற கேள்வியை விற்பவர்கள் தாமாக எழுப்புவதில்லை. வாங்குபவர்தான் எழுப்ப வேண்டும்.

எடுத்துச் செல்லும் கருவியால் முடியவே முடியாது என்பதல்ல. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபன் டெபெனரின் குழு, விளையாட்டுக்காக விற்கப்பட்ட மலிவான கம்பியில்லாக் கருவியின் மின்சுற்றை எடுத்து நல்ல மின்முனைகளோடு இணைத்து, ஆட்களைத் திறந்தவெளியில் நடக்கவிட்டுப் பதிவு செய்தது. 2012இல் வெளியான அந்த ஆய்வில், நடக்கும்போதும் மூளையின் எதிர்வினையைப் பிரித்தறிய முடிந்தது. உட்கார்ந்திருக்கும்போது கிடைத்த துல்லியம் மட்டும் கிடைக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அதே குழு காதைச் சுற்றி ஒட்டும் வளைவான மின்முனைப் பட்டையை உருவாக்கியது. முடியில்லாத இடம், யார் கண்ணையும் உறுத்தாத இடம். நாள் முழுக்க அணியலாம். மின்முனைகள் பதித்த தொப்பியை விட்டுக் காதுக்கு வந்தது இந்தத் துறையின் மிகச் சரியான முடிவுகளில் ஒன்று.

ஏனென்றால் அன்றாடப் பயன்பாட்டின் பாதிப் போர் தோலும் மின்முனையும் தொடும் இடத்தில்தான் நடக்கிறது. மருத்துவமனையில் செய்வதுபோல் ஜெல் தடவினால் சமிக்ஞை தெளிவாக வரும். ஆனால் முடியை விலக்கி, தோலை லேசாகத் தேய்த்து, ஒவ்வொரு மின்முனைக்கும் ஜெல் இட்டு, முடிந்ததும் தலையைக் கழுவ வேண்டும். சில மணி நேரத்தில் ஜெல் காய்ந்தும் போகும். உலர் மின்முனைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. சீப்பின் பற்களைப்போல் முடிக்குள் நுழைந்து தோலைத் தொடும் அவை, அழுத்தினால்தான் நன்றாகப் படிக்கும். அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் வலிக்கும். அடர்த்தியான சுருள்முடி உள்ளவர்களுக்கு வழக்கமான தொப்பி சரியாகப் பொருந்துவதே இல்லை. அதனால் அவர்கள் ஆய்வுகளிலிருந்தே விடுபட்டுப்போன வரலாறு உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, இறுக்கிப் பின்னிய சடை வரிசைகளுக்கு நடுவே கவ்விக்கொள்ளும் மின்முனைப் பிடிகளை வடிவமைத்தது. நரம்பியல் ஆய்விதழ்களில் சிறிய செய்தியாக இருக்கலாம். எல்லோருக்குமான கருவி என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் இத்தகைய வேலைதான் முதலில் நடக்க வேண்டும்.

சரி, சமிக்ஞை கிடைத்துவிட்டது. அதிலிருந்து விருப்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வழிகள் பல. கையை அசைப்பதாகக் கற்பனை செய்தால், அசைவுகளை ஆளும் மூளைப் பரப்பான இயக்கப் புறணியின் மேலுள்ள தாளம் அடங்குவதைப் பயன்படுத்தலாம். குறிப்பிட்ட வேகத்தில் மினுக்கும் விளக்கைப் பார்த்தால், பார்வையைக் கையாளும் மூளைப் பரப்பான பார்வைப் புறணியும் அதே வேகத்தில் துடிப்பதைப் பயன்படுத்தலாம். வீடுகளில் அதிகம் சோதிக்கப்பட்டது மூன்றாவது வழி. 1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃபார்வெல், டோன்ச்சின் இருவரும் உருவாக்கியது அது.

திரையில் ஆறு வரிசை, ஆறு பத்தி, மொத்தம் 36 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தோ கட்டளையோ இருக்கும். வரிசைகளும் பத்திகளும் தாறுமாறான முறையில் ஒவ்வொன்றாகப் பளிச்சிடும். நீங்கள் ஓர் எழுத்தின் மேல் கவனத்தை வைத்து, அது பளிச்சிடும்போதெல்லாம் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சுற்றில் 12 மினுக்கல்கள். அவற்றில் இரண்டு மட்டுமே உங்கள் எழுத்தைத் தொடுபவை. எதிர்பார்த்துக் காத்திருக்கும் அரிய நிகழ்வு வந்ததும், சுமார் 300 மில்லிவிநாடி கழித்து மூளை ஒரு நேர்மின் அலையை எழுப்பும். பி300 என்று பெயர். எந்த வரிசைக்கும் எந்தப் பத்திக்கும் அந்த அலை எழுந்தது என்று கண்டுபிடித்தால், அவை சந்திக்கும் கட்டம்தான் உங்கள் எழுத்து. ஒரே ஒரு மினுக்கலில் அலை இரைச்சலுக்குள் மறைந்துவிடும். ஆகவே பல சுற்றுகள் ஓடவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். ஒன்பது முறை எடுத்தால் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகும். துல்லியம் வேண்டுமென்றால் பொறுமை வேண்டும். அந்த முதல் சோதனையில் நிமிடத்துக்கு 2.3 எழுத்துகள் கிடைத்தன.

இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரியது. ஆய்வுக்கூடச் சோதனையில் "இப்போது தேர்ந்தெடுங்கள்" என்று சொன்ன பிறகுதான் கணினி கேட்கத் தொடங்குகிறது. வீட்டில் அப்படிச் சொல்ல யாருமில்லை. அணிந்திருப்பவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார், பேரக்குழந்தையின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார், அரைத்தூக்கத்தில் இருப்பார். அந்த நேரத்தில் அவருக்குக் கணினியிடம் சொல்ல எதுவுமில்லை என்பதையும் கருவி புரிந்துகொள்ள வேண்டும். விநாடிக்கு ஒருமுறை முடிவெடுக்கும் கருவி 99 சதவீதம் சரியாக இருந்தாலும், சும்மா இருக்கும் ஒரு மணி நேரத்தில் 36 முறை தவறாகக் கிளம்பும். விளக்கு அணையும், அழைப்புமணி ஒலிக்கும், பாதி எழுதிய கடிதம் அனுப்பப்பட்டுவிடும். மூன்றாம் நாள் யாரும் அதை அணிய மாட்டார்கள். "விரும்பவில்லை" என்பதை அடையாளம் காண்பது "இதை விரும்புகிறேன்" என்பதை அடையாளம் காண்பதைவிடக் கடினம். முன்னதற்கென்று தனியான மூளை அலை கிடையாது. எண்ணற்ற நிலைகள் அதற்குள் அடங்கும்.

இதோடு, மூளை நேற்றுப்போல் இன்று இருப்பதில்லை. தூக்கம் குறைந்தாலும், மருந்து மாறினாலும், மின்முனை அரை சென்டிமீட்டர் தள்ளி அமர்ந்தாலும் முந்தைய நாள் கற்ற மென்பொருள் தடுமாறும். மறுபடி பழக்க வேண்டும். எவ்வளவு பழக்கினாலும் சிலருக்கு அமைவதில்லை. குறிப்பாக அசைவைக் கற்பனை செய்யும் முறையில் 15 முதல் 30 சதவீதம் பேருக்குப் போதிய கட்டுப்பாடு கிடைப்பதில்லை என்று இத்துறையில் நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. அதைப் பயனரின் குறையாகச் சொல்லும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஐந்தில் ஒருவருக்குத் திறக்காத கதவைக் கண்டால் கதவைத்தான் மாற்ற வேண்டும்.

இத்தனை தடைகளையும் தாண்டி வீட்டில் பயன்பட்ட கதைகள் உண்டு; அவற்றிலிருந்து கற்பதற்கு நிறைய இருக்கிறது. இயக்க நரம்பணுக்களைச் சிதைக்கும் ஏ.எல்.எஸ். நோயால் முற்றிலும் முடங்கிய ஓர் அறிவியலாளர், நியூயார்க் மாநிலத்தின் வாட்ஸ்வர்த் மையம் உருவாக்கிய பி300 கருவியைத் தன் வீட்டில் இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தினார் என்று 2010இல் ஓர் ஆய்வறிக்கை விவரித்தது. நாளின் பல மணி நேரம் அதைக் கொண்டே மின்னஞ்சல் எழுதித் தன் ஆய்வுக்கூடத்தை நடத்தினார். கண்ணசைவைப் பின்தொடரும் கருவியைவிட இதுவே தனக்கு ஏற்றது என்றும் அவர் கருதினார். தினமும் தொப்பியை மாட்டிவிட்டவர் பராமரிப்பாளர், பொறியாளர் உடனிருக்கவில்லை. பின்னர் ஏ.எல்.எஸ். கொண்ட 42 முன்னாள் படைவீரர்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்விலும் தொழில்நுட்பக் கோளாறுகள் குறைவாகவே இருந்தன. பங்கேற்பாளர்கள் இடையில் விலகியதற்குப் பெரும்பாலும் காரணம் மரணமும் நோயின் வேகமும்தான். கருவியால் வரும் சுமையைவிட அதன் பயன் அதிகம் என்றே நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் மதிப்பிட்டார்கள்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் மருத்துவமனையில் 2015இல் நடந்தது இன்னொரு வகை. ஏ.எல்.எஸ். முற்றிய ஒரு பெண்ணின் இயக்கப் புறணியின் மேல் மின்முனைப் பட்டைகளை வைத்து, மார்புத் தோலுக்கடியில் வைத்த சிறு கருவியோடு இணைத்தார்கள். தலையில் தொப்பி இல்லை, வெளியே துருத்தும் கம்பி இல்லை. கையை அசைக்க முயல்வதே அவருடைய சொடுக்கு. அதில் எழுதும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் இரண்டு எழுத்துகள். கண்ணசைவுக் கருவி அதைவிட வேகமானது. வீட்டுக்குள் அதையே பயன்படுத்தினார். ஆனால் வெளியே போகும்போது வெயிலும் நிழலும் மாறி மாறி விழுந்தால் கண்ணசைவுக் கருவி குழம்பிவிடும். அங்கே அவருக்கு உதவியது மூளைக் கருவிதான். வேகத்தை மட்டும் வைத்து ஒப்பிடும் எந்த அட்டவணையிலும் இந்தப் பயன் தெரியாது. ஏழு ஆண்டுகளுக்கும் மேல் அவர் அதைப் பயன்படுத்தினார். நோய் மூளையையே சிதைத்துச் சமிக்ஞை மங்கிய பிறகுதான் அது கைவிட்டது.

மண்டையோட்டைத் திறக்கத் துணிந்தால் வேகம் கூடும் என்பதில் ஐயமில்லை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு, ஏ.எல்.எஸ். நோயாளி ஒருவரின் மூளையில் 256 மின்முனைகளைப் பதித்து, அவர் பேச முயன்ற சொற்களை 97 சதவீதம் வரை சரியாகத் திரையில் கொண்டுவந்ததை 2024இல் வெளியிட்டது. அதை அவர் வீட்டிலேயே பயன்படுத்தினார் என்பது எனக்கு அந்தச் சதவீதத்தைவிட முக்கியமாகத் தெரிகிறது. சின்க்ரான் நிறுவனம் கழுத்து நாளத்தின் வழியாகவே மூளைக்கு அருகிலுள்ள பெரிய இரத்தநாளத்துக்குள் 16 மின்முனைகளைக் கொண்ட வலைக்குழாயைச் செலுத்துகிறது. நியூராலிங்க் நிறுவனம் 2024 ஜனவரியில் முதல் மனிதருக்குப் பொருத்திய கருவியில் 1,024 மின்முனைகள். அறுவை சிகிச்சையின் ஆபத்தை ஏற்கும் அளவுக்குத் தேவை உள்ளவர்களுக்கே இவையெல்லாம்.

அத்தகைய தேவை இல்லாதவர்களுக்கு? கைவிரல் நன்றாக இயங்கும் ஒருவருக்கு, தலைக்கு மேலிருந்து படிக்கும் எந்தக் கருவியும் இன்றைக்கு விரலை வெல்லாது. பெரு நிறுவனங்களின் நடவடிக்கையே இதற்குச் சாட்சி. தலையில் அணிந்து நினைத்ததைத் தட்டச்சு செய்யும் திட்டத்தில் பெரும் முதலீடு செய்த ஃபேஸ்புக், 2021இல் அதை ஒதுக்கிவைத்துவிட்டு மணிக்கட்டுக்கு வந்தது. விரலை அசைக்கும்போது அங்கே எழும் தசைச் சமிக்ஞை, தலையில் கிடைப்பதைவிட வலிமையானது, தெளிவானது. அது மூளை–கணினி இடைமுகம் அல்ல. ஆனால் கை இயங்குபவருக்கு அதுவே போதும்.

ஆகவே நலமாக இருப்பவர்களிடையே எடுத்துச் செல்லும் மூளைக் கருவிகளுக்கு நியாயமான இடம், வேகம் தேவைப்படாத வேலைகளில்தான். தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ்ந்த தூக்கத்தின் அலைகள் உயரமானவை, மெதுவானவை, உடலும் அசைவதில்லை, நெற்றியிலோ காதிலோ சில மின்முனைகளே போதும். நீண்ட தூரம் வண்டி ஓட்டுபவரின் அயர்வைக் கண்டறிவதும் இப்படியே. பக்கவாத மறுவாழ்வும் இந்த வகையில் சேரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் அனுமதித்த இப்ஸிஹேண்ட் என்ற கருவி, கையை அசைக்க நோயாளி எண்ணும்போது எழும் சமிக்ஞையைப் பாதிக்கப்படாத மூளைப் பாதியிலிருந்து படித்து, கையில் மாட்டிய இயந்திர உறையால் விரல்களைத் திறந்து மூடுகிறது. இங்கே கருவி கையின் வேலையைச் செய்யும் மாற்றுக் கை அல்ல. எண்ணத்தையும் அசைவையும் மறுபடி இணைக்கும் பயிற்சி. சில முறை தவறினாலும் பயிற்சி கெட்டுவிடாது. வீட்டிலேயே செய்யவும் அனுமதி உண்டு.

நாள் முழுக்க அணியும் கருவி என்றால் நாள் முழுக்கத் தரவு. எண்ணத்தைப் படிக்க முடியாது என்று மேலே சொன்னேன். எதையுமே படிக்க முடியாது என்று அதற்குப் பொருளில்லை. பி300 அலை அறிமுகமானதைக் கண்டாலும் எழும். கடையில் கிடைக்கும் தலைக்கருவியை மாட்டியவர்களுக்கு வங்கிகளின் சின்னங்கள், எண்கள், முகங்கள் போன்றவற்றைக் காட்டி, அவர்களுடைய அந்தரங்கத் தகவலை வெறும் ஊகத்தைவிட நன்றாகக் கணிக்க முடியும் என்று 2012இலேயே கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். சிலி நாடு 2021இல் மூளைச் செயல்பாட்டுக்கும் அதன் தகவலுக்கும் அரசியலமைப்பில் பாதுகாப்பு அளித்தது. 2023 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் கீடோ ஹிரார்தி தொடுத்த வழக்கில், அவருடைய மூளைத் தரவை அழிக்கும்படி தலைக்கருவிகளை விற்கும் எமோட்டிவ் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அமெரிக்காவில் கொலராடோவும் கலிபோர்னியாவும் 2024இல் நரம்பியல் தரவைத் தனியுரிமைச் சட்டங்களுக்குள் கொண்டுவந்தன. அதைவிட எனக்குக் கவலை தருவது, அணிய மறுக்கும் உரிமை இல்லாதவர்களின் நிலை. 2019இல் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கவனத்தை அளக்கும் தலைப்பட்டைகளை மாட்டிய செய்தி வந்து, எதிர்ப்பு எழுந்து, நிறுத்தப்பட்டது. அளப்பது துல்லியமாக இருந்திருந்தாலும் அதை ஏற்க முடியாது. துல்லியமில்லாத கருவியை வைத்து ஒரு குழந்தையைக் கவனமற்றவள் என்று முத்திரை குத்துவது அநீதி.

இன்னொரு கேள்வியை விற்பனையாளரிடம் மட்டுமல்ல, அனுமதி தரும் அமைப்புகளிடமும் கேட்க வேண்டும். நிறுவனம் மூடப்பட்டால் கருவி என்னவாகும்? வலிப்பு வரப்போவதை முன்கூட்டிச் சொல்லும் மூளைக் கருவியை ஆஸ்திரேலியாவில் சோதித்த நியூரோவிஸ்டா நிறுவனத்துக்குப் பணம் தீர்ந்தபோது, அதோடு வாழப் பழகிவிட்ட ஒரு பெண் எவ்வளவோ மறுத்தும் அது அவர் தலையிலிருந்து எடுக்கப்பட்டது. விழித்திரைக் கருவிகளைச் செய்த செகண்ட் சைட் நிறுவனம் அந்தத் தயாரிப்பைக் கைவிட்டபோது, உலகெங்கும் 350க்கும் மேற்பட்டோரின் கண்களில் அது இருந்தது. பழுதானால் பார்க்க ஆளில்லை. வெளியே அணியும் தலைப்பட்டைக்கும் இதே விதி உண்டு. செயலி தொலைவிலுள்ள சர்வரை நம்பியிருந்தால், சர்வர் நின்ற நாளில் பட்டை வெறும் துணியாகிவிடும். வெளிப்படையான தரவு வடிவம், இணையம் இல்லாமலும் இயங்கும் மென்பொருள், உள்ளூர்த் தொழில்நுட்பர் மாற்றக்கூடிய மின்முனை, உற்பத்தியாளர் விலகினாலும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பராமரிப்பு தருவதற்கென ஒதுக்கிய நிதி ஆகிய நான்கையும் அனுமதியின் நிபந்தனைகளாக்க முடியும். கருவி இல்லாவிட்டால் ஒரு சொல்லும் சொல்ல முடியாதவர்களுக்காக முதலில் இவற்றை எழுதி வைக்க வேண்டும்.